எட்டு நாற்பது பஸ்

நான் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. ஓட்டுநர் ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். அவரே டிக்கெட் கொடுத்தார், அவரே கதவைத் திறந்து மூடினார், என் பெரிய பெட்டியைப் பார்த்ததும் அவரே இறங்கிவந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். "எங்கே போகணும், கண்ணு?" என்றார். அவர் சொன்ன ஆங்கிலச் சொல் வேறு. ஆனால் சொன்ன விதத்தைத் தமிழில் 'கண்ணு' என்றுதான் எழுத முடியும்.

பெங்களூரு நகர பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டராக இருப்பவள் நான். பயணியாக உட்கார்ந்து பழக்கமில்லை. தோளில் பை இல்லாததால் உடம்பு ஒரு பக்கம் சாய்வது போல இருந்தது. வழியில் யாராவது ஏறினால் எழுந்திருக்கப் பார்த்தேன்.

மொத்தம் ஒன்பது பேர். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, ஆடுகள், மறுபடியும் புல்வெளி. இறங்கிய ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண்கூட, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே நன்றி சொல்லிவிட்டு இறங்கியது. என் வேலைக்காலத்தில் இரண்டு பேர் எனக்கு நன்றி சொன்னதாக நினைவு. அதில் ஒருவர் குடித்திருந்தார்.

என் தங்கை விசாகா அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறாள். போய் நாலு வருடம் ஆகிறது. "எவ்ளோ லீவு சேத்து வெச்சிருக்கே, அத வெச்சி இன்னா மாலையா கட்டிக்கப் போறே? வாக்கா" என்று ஞாயிறு தவறாமல் போனில் சொல்வாள். ஐந்து வார லீவை மொத்தமாகப் போட்டுவிட்டு ஏப்ரல் கடைசியில் கிளம்பினேன். இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லைக்குப் பக்கம். ஊர்ப் பேரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "சின்ன ஊருக்கா. இங்க தும்மினா மூணு தெருவுக்குக் கேக்கும்."

சந்தைச் சதுக்கத்தில் பஸ் நின்றது. விசாகா வேலை உடையிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் கடைசி இரண்டு வருடம் நான் அதைப் பார்த்ததில்லை.

அவள் வீடு ஒரு தொப்பிக் கடையின் மாடி. கறுப்பு மரச்சட்டம், நடுவே வெள்ளைச் சுண்ணாம்பு, நானூறு வருட வயது. உள்ளே நுழைந்ததும் உத்தரத்தில் நெற்றி இடித்தது. அடுத்த நாளும் அதே இடத்தில் இடித்தது. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். முதல் நாள் சமையலில் கை தவறிய வெங்காயம் உருண்டு உருண்டு, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய்த்தான் நின்றது. ஜன்னல் இடுக்கில் ஊசி மாதிரி குளிர். "மாத்தச் சொல்லேன்" என்றேன். மாற்றக் கூடாதாம். பாரம்பரியக் கட்டடம், ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் தெருவில் நான் லீவு முடிந்து திரும்புவதற்குள் எதிர்வீட்டில் இரண்டு மாடி எழும்பிவிடும்.

விசாகா வேலைக்குப் போனதும் நான் ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவேன். கால் மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். அதனால் இரண்டாவது சுற்றும் போவேன். வீடுகளுக்கு எண்ணுக்குப் பதிலாகப் பேர் இருந்தது. எங்கு திரும்பினாலும் பெஞ்சு, பெஞ்சில் இறந்துபோன யாராவது ஒருவரின் பேர் பொறித்த தகடு. ஆற்றைப் பார்த்த ஒரு பெஞ்சில் 'நடந்து களைத்த பெட்டிக்கு' என்று இருந்தது. பெட்டி என்கிற அந்த அம்மாள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே அதில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையையும் படித்தேன், தொழில் புத்தி. பக்கத்துப் பெரிய ஊருக்குக் காலையில் எட்டு நாற்பதுக்கு ஒரு பஸ், அடுத்தது பதினொன்று பத்துக்கு. முதியவர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு, ஆனால் ஒன்பதரைக்கு மேல்தான் செல்லும். அதனால் எட்டு நாற்பது காலியாகப் போகும். பதினொன்று பத்துக்கு நரைத்த தலைகளாக வரிசை நிற்கும். நம் ஊரில் பெண்களுக்கு இலவச டிக்கெட் வந்த புதிதில் என் பஸ்ஸில் ஏறிய கூட்டம் ஞாபகம் வந்தது. இங்கே கூட்டம்கூட வரிசையாக நிற்கிறது.

வியாழக்கிழமை சந்தை. ஏதோ ஒரு ராஜா எழுதிக்கொடுத்த உரிமையாம், அன்றிலிருந்து வியாழன் தவறியதில்லையாம். தூண்களின் மேல் நிற்கும் ஒரு மண்டபம். அதன் கீழும் சுற்றியும் கோடு போட்ட துணிப் பந்தல்கள். சீஸ், செடி, பழைய புத்தகம், மீன். நான் எங்கள் ஊர் ரஸ்ஸல் மார்க்கெட் கூச்சலில் வளர்ந்தவள் மாதிரிதான். இங்கே என்னை அதிசயப்பட வைத்தது ஒன்றுதான்: ஒருவரும் கூவவில்லை. கடைக்காரர்கள் சும்மா நிற்கிறார்கள். வாங்குபவர்கள் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் எப்படியோ வியாபாரம் நடந்துவிடுகிறது.

இறைச்சிக் கடை ஒன்றில் கறுப்பாக, தடியாக, வளையம் வளையமாக ஒன்று வைத்திருந்தது. அருகில் போய் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் கிரஹாம் பெரிய உடம்பு, தக்காளி நிறக் கன்னம். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, அது என்னவென்று தெரியுமா? ரத்தத்தில் செய்தது."

"தெரியும். எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரிப்போம்" என்றேன்.

பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி, "கேட்டாயா? மிளகாய் போட்டுப் பொரிப்பார்களாம்!" என்று சொன்னார். அந்தச் சந்தையில் நான் கேட்ட ஒரே உரத்த குரல் அதுதான்.

அடுத்த வியாழன் அவரிடம் வாங்கிய கறுப்புச் சாசேஜையே உதிர்த்து, மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்து ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். கன்னம் இன்னும் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, டப்பா காலியானது. செய்முறையை ஒரு ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் தான் பக்கத்துப் பெரிய ஊர்ச் சந்தையில் கடை போடுவதாகவும், அங்கே வந்தால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

இன்னொரு கடையில் முருங்கைக்காய் நீளத்துக்குச் சிவப்புத் தண்டுகள். ரூபார்ப் என்றார்கள். கடித்தால் பல் கூசும் புளிப்பு. இவர்கள் அதில் சர்க்கரை கொட்டி இனிப்பு செய்கிறார்கள். நான் துவரம்பருப்போடு வேகவைத்துப் பூண்டு தாளித்தேன். புளிச்சகீரைக் கடைசலுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. விசாகா மூன்று தடவை போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை, தர்மத்துக்கு நடத்தும் பழைய சாமான் கடைக்குப் போனேன். ஒரே தெருவில் இப்படி ஐந்து கடை. கண்ணாடிக்குள்ளே, மீன் வடிவக் கடிகாரத்துக்கும் தேநீர்க் கெண்டிக்கும் நடுவில், கழுத்தோடு வெட்டிய புத்தர் தலை.

எங்கள் அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் பௌத்தத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் நான் யசோதரா, அவள் விசாகா. வீட்டில் எப்போதும் ஒரு சின்ன புத்தர் உண்டு, முழு உடம்போடு.

கடையில் இருந்த அம்மாளிடம், "இது எதுக்கு?" என்றேன்.

"தோட்டத்தில் வைத்தால் அழகாக இருக்கும். ரொம்ப அமைதியாக இருக்கும்."

"உடம்பு எங்கே?"

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "இதுவரை நான் அதை யோசித்ததே இல்லை" என்றார். திங்கட்கிழமை அந்த வழியாகப் போனபோது தலை மேல்தட்டுக்கு மாறியிருந்தது. அடியில் ஒரு லேஸ் துணி விரித்திருந்தார்கள்.

அதற்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் விசாகா ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். அவள் இல்லத்தில் இருக்கும் பத்தொன்பது பேரின் பெயர்கள். யார் யாருக்கு என்ன உணவு, எந்த வேளைக்கு என்ன மருந்து என்று அவள் கையெழுத்தில். அதில் பதினொரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

"இன்னாடி இது, இத்தன பேரு செத்துட்டாங்களா?"

"சே! வேற ஹோமுக்கு மாத்திட்டாங்கக்கா." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க ஹோம மூடறாங்க. வர்ற மாசத்தோட."

"அப்போ நீ?"

குழம்பு கொதித்து வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் விசா அந்த இல்லத்தை நடத்துபவர்கள் பேரில் கொடுத்தது. இல்லம் போனால் விசாவும் போகும். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: அறுபது நாளுக்குள் விசா கொடுக்கும் அனுமதியுள்ள வேறொரு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அறுபதில் பதினேழு நாள் போயிருந்தது.

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டே. வந்தாலும் சுத்திப் பாத்திருக்க மாட்டே."

"சரி, அப்படி ஒண்ணும் கெடைக்கலன்னா இன்னா? நம்ம வீடு இருக்குது. வந்துடு."

"வரலக்கா."

அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "அவன் என்னை உட்டுட்டுப் போய் ஆறு வருஷமாச்சு. இன்னிக்கும் நம்ம தெருவுல தண்ணி புடிக்கப் போனா, பால் வாங்கப் போனா, 'வீட்டுக்காரரு எங்க, ஏதாவது சேதி உண்டா'ன்னு கேப்பாங்க. பஸ்ல ஏறுனா பக்கத்துல உக்காந்தவ கேப்பா. இங்க நாலு வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. அவ்ளோதான்க்கா. வேற ஒண்ணியும் இல்ல."

அப்பா போன பிறகு ஆஸ்டின் டவுன் வீட்டில் நான் ஒருத்திதான். டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அவள் வந்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்தது பொய்யில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் வேலை தேடிக் கிளம்பினோம். அவள் டியூட்டி இல்லாத நேரமெல்லாம் அதற்குத்தான். முதல் இல்லம் பக்கத்துக் கிராமத்தில்; அங்கே பஸ் கிடையாது. வயல் நடுவே நடந்து போனோம். யாரோ ஒரு விவசாயியின் கோதுமை வயல், ஆனால் அதன் நடுவே பொதுப்பாதை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம், தடுக்க அவருக்கு உரிமை இல்லையாம். வேலி வந்த இடங்களில் ஏறிக் கடக்கப் படிகூட வைத்திருந்தார்கள். பெங்களூரில் நடைபாதை என்று அரசாங்கமே போட்டதில் நடக்க இடமிருக்காது. இங்கே அடுத்தவர் வயலில் ராஜா மாதிரி நடக்கிறேன் என்று நான் சொல்ல, விசாகா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். நாலைந்து ஆடுகள் எங்களுடன் வேலிவரை வந்து வழியனுப்பின.

அங்கே இருந்த நிர்வாகி தேநீரும் கேக்கும் கொடுத்தார். விசாகாவின் சான்றிதழ்களைப் படித்துப் படித்துப் பாராட்டினார். நாளைக்கே வரச் சொல்லியிருப்பேன் என்றார். ஆனால் வெளிநாட்டவருக்கு விசா கொடுக்கும் அனுமதி அந்த இல்லத்துக்கு இல்லை. இரண்டாவது இல்லத்தில் அனுமதி இருந்தது. எடுக்கக்கூடிய ஆட்களை எடுத்து முடித்துவிட்டார்கள். அங்கேயும் தேநீர், இஞ்சி பிஸ்கட். எல்லாரும் நல்லவர்கள்தான். கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

மூன்றாவது அழைப்பு பக்கத்துப் பெரிய ஊரிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். பஸ்ஸில் ஐம்பது நிமிடம். எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். அறுபதில் நாற்பதாவது நாள் அது.

எட்டரைக்கே நிறுத்தத்தில் நின்றோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. விசாகா ஒரே ஒரு நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோட்டுக்குள் வைத்திருந்தாள். எட்டு நாற்பது ஆனது. எட்டு ஐம்பது ஆனது. குடையோடு நாயை நடத்திக்கொண்டு போன ஒரு பெரியவர், "சில நாள் இப்படித்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதுக்கு அவள் போனில் செய்தி வந்தது: ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை, எட்டு நாற்பது ரத்து.

ஊரில் வாடகைக் கார் இரண்டே இரண்டு. விசாகா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். இரண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போயிருந்தன; ஒன்பதே முக்காலுக்கு மேல்தான் வருமாம். நேர்காணலுக்கு அழைத்த முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை.

"அடுத்தது பதினொண்ணு பத்து" என்றாள். "இன்னா பண்றது? ஏன் மாடோதுக்கா?" சின்ன வயதிலிருந்தே அழுகை வரும்போது அவளுக்குக் கன்னடம் வந்துவிடும்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியே பயனில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ் தானாகவே வரவில்லை. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இன்னும் இருபது நாளில் இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்து, கூடத்தில் எனக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டு, நல்ல அக்கா மாதிரி நின்றேன்.

அப்போது மேட்டுத் தெருவிலிருந்து ஒரு வெள்ளை வேன் இறங்கி வந்தது. பக்கவாட்டில் பன்றி படம். செவ்வாய்க்கிழமை. கிரஹாம்.

விசாகா போனைப் பார்த்துக் குனிந்திருந்தாள். வேன் சர்ச் வாசலைத் தாண்டிவிட்டால் பெரிய சாலைக்குப் போய்விடும். இரண்டு விரலை வாயில் வைத்து, பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் டிரைவரை நிறுத்துவதற்கு அடிக்கும் விசிலை அடித்தேன். கூரையிலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தொப்பிக் கடைக்காரம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வேன் கீச்சென்று நின்றது.

"யாரையோ கொன்றுவிட்டார்களோ என்று பயந்தே போனேன்" என்றார் கிரஹாம்.

விஷயத்தைச் சொன்னதும், முன்சீட்டில் இருந்த காகிதங்களையும் தராசையும் பின்னால் தூக்கிப் போட்டார். மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வேன் முழுக்க மிளகும் இறைச்சியும் மணத்தது. விசாகா கோட்டு முனையை மூக்கில் வைத்துப் பார்த்து, "நான் போய் சாசேஜ் மாதிரி வாசன அடிக்கப் போறேன்க்கா" என்றாள். வழியில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். சந்து மாதிரி சாலை, இரண்டு பக்கமும் புதர்வேலி, முந்த வழியில்லை. நம் ஊர் டிரைவராக இருந்தால் ஹாரனிலேயே அந்த டிராக்டரைப் பொடியாக்கியிருப்பார். கிரஹாம் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தாளம் வேகமாகிக்கொண்டே போனது.

பதினோரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நிர்வாகி மிஸஸ் மோயோ ஜிம்பாப்வேக்காரர். நெடுநெடுவென்று உயரம், சிரிக்காத முகம். கடிகாரத்தைப் பார்த்தார். விசாகாவை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். என்னைத் தோட்டத்தில் உட்காரச் சொன்னார்கள்.

தோட்டத்தின் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது.

நிஜமான கம்பம், நிஜமான பலகை, கூரை போட்ட நிழற்குடை, உள்ளே பெஞ்சு. சுற்றிலும் ரோஜாச் செடி. சாலை எங்கே என்று தேடினேன், காணோம். கால அட்டவணையைத் தேடினேன், அதுவும் இல்லை. பெஞ்சில் ஒரு பாட்டியம்மாள் கோட்டு, தொப்பி போட்டு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வரவில்லையே" என்றார் என்னிடம்.

"லேட்" என்றேன். இத்தனை வருடத்தில் என் வாயில் தானாக வரும் சொல்.

"எப்போதும் இப்படித்தான். நீ எங்கே போகணும்?"

"பெங்களூரு."

யோசித்தார். "அது பாலத்தைத் தாண்டிப் போகணுமா?"

"கொஞ்சம் தாண்டி."

"அப்படியென்றால் நீ மாறி ஏற வேண்டியிருக்கும்" என்றார் கவலையோடு. நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அம்மா தனக்காகக் காத்திருப்பாள், விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார். அவருக்குத் தொண்ணூறு வயதாவது இருக்கும்.

சற்று நேரத்தில் ஒரு பணிப்பெண் வந்து, "மார்கரெட், பஸ் தாமதமாம். அதற்குள் உள்ளே வந்து டீ குடித்துவிடலாமா?" என்றாள். பாட்டியம்மாள் என்னைப் பார்த்து, "இவங்களும் வரட்டும், பாவம், ரொம்ப தூரம் போகணும்" என்றார். நினைவு தப்பியவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது, போகக்கூடாது என்று மறிக்காமல், இங்கே வந்து உட்கார விடுவார்களாம். காத்திருக்கும்போது மனம் அடங்கிவிடுமாம். வராத பஸ்ஸுக்கு ஆளை உட்கார வைப்பதா என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு மார்கரெட் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து நிம்மதியாக டீ குடிப்பதைப் பார்த்தேன். கோபம் சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விசாகா வெளியே வந்தபோது மிஸஸ் மோயோ அவளோடு வாசல்வரை வந்தார். இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இருப்பது ஒரே இடம், இரண்டு வாரத்தில் பதில் வரும் என்றார். கடைசியாக, "அந்த வாசனை என்ன?" என்று கேட்டார்.

விசாகா நடந்ததைச் சொன்னாள். மிஸஸ் மோயோவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

திரும்பும்போது கிரஹாமின் கடையில் நின்று நன்றி சொன்னோம். எவ்வளவு வற்புறுத்தியும் அவர் பெட்ரோலுக்கு எதுவும் வாங்கவில்லை. பொரியலில் போட்டது தேங்காய் காய்ந்ததா, பச்சையா என்று மட்டும் கேட்டார்.

நான் கிளம்பும் நாள்வரை பதில் வரவில்லை. அதற்குள் விசாகாவின் இல்லத்தில் பத்தொன்பது பெயர்களும் அடிக்கப்பட்டுவிட்டன. கடைசி ஆள் போன அன்று அவள் வீட்டுக்கு வந்து, காகிதத்தைக் கிழிக்காமல் மடித்து அலமாரியில் வைத்தாள். என்னை ஏற்றிவிட வந்தபோது இருவரும் விசா பேச்சே எடுக்கவில்லை. உத்தரத்தில் மொத்தம் எத்தனை தடவை இடித்துக்கொண்டேன் என்று கணக்குப் போட்டுச் சிரித்தோம். பஸ்ஸில் ஏறி, முதல் நாள் வந்த அதே ஓட்டுநர் அம்மாளிடம் டிக்கெட் வாங்கினேன். ரயில் நிலையத்தில் இறங்கும்போது நன்றி சொன்னேன், எனக்கும் பழகிவிட்டிருந்தது.

பெங்களூரு வந்து நாலாவது நாள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி அத்திபெலேயில் வண்டி திரும்பும் இடம். மதியம் மூன்று மணி, வெயில். டிரைவர் நஞ்சப்பா வண்டி நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் கையில் டீயோடு நின்றபோது போன் அடித்தது.

"கெடச்சிடுச்சுக்கா" என்றாள்.

அவளே பேசிக்கொண்டு போனாள். மிஸஸ் மோயோ காலையில் கூப்பிட்டாராம். கையெழுத்துப் போட்ட தாள் வந்துவிட்டதாம். தினமும் போய்வர அந்த பஸ்ஸை நம்ப முடியாது, அதனால் தொப்பிக் கடை மாடியைக் காலி செய்துவிட்டு அந்த ஊருக்கே போகிறாளாம். புது வீடு ஒரு சாதாரண வீடு, தரை நேராக இருக்கும், ஜன்னல் இறுக்கமாக மூடும். ஆற்றைப் பார்த்த பெஞ்சு இருக்காது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் லேசாக இறங்கியது.

"விசாகா, ஒண்ணு சொல்லணும்டி."

"சொல்லு."

"அன்னிக்கு பஸ் வரலையே... அப்போ எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. நீ வந்துடுவேன்னு."

"தெரியும்க்கா" என்றாள். "வேன் மேட்டுத் தெருவுல எறங்கும்போதே நீ பாத்துட்டே. அது சர்ச் கிட்ட வர்ற வரைக்கும் விசில் அடிக்கல. நான் போனப் பாக்கற மாதிரி உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அப்போ நீயே கூப்புட்டிருக்கலாமில்ல?"

"கூப்புட்டிருக்கலாம்" என்றாள். "நீ கூப்புடுவியான்னு பாத்தேன்."

நஞ்சப்பா எழுந்து துண்டை உதறினார். "பன்னி மேடம், டைம் ஆய்து" என்று, நேரமாகிவிட்டது வாங்க என்பதைக் கன்னடத்தில் சொன்னார். ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினேன். அன்று மெஜஸ்டிக் போய்ச் சேரும்வரை, சில்லறை இல்லாதவர், படியில் தொங்கியவர், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு என்னைத் திட்டியவர் உட்பட, ஒருவரிடமும் குரலை உயர்த்தாமல் டிக்கெட் கொடுத்தேன்.